கடைமடைக் கணக்கு

திருத்துறைப்பூண்டி, வேதை ரோட்டில்
மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடி.
கீழே செப்புக்கம்பி சுற்றுவார்கள்.
மேலே நாங்கள் சொல் சுற்றுவோம்,
ஒரு சொல்லுக்குப் பதினொரு காசு.
வார்னிஷ் வாடை மட்டும் இருவருக்கும் பொது.

ஜபருல்லா அண்ணன் கூத்தாநல்லூர்க்காரர்.
சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்தது
ஒரு மடிக்கணினி, ஒரு யோசனை.
முதலில் ஒரே வலைப்பூ, கைப்பேசி விலை சொல்ல.
குறுவைக்குள் ஒன்பது.
அந்தச் சம்பா அறுப்பதற்குள் நாற்பத்திரண்டு.
ஒன்று அடுத்ததைக் கைகாட்டும்,
அது அதற்கடுத்ததை.
"வாய்க்கா வெட்டுற வேலதான் தங்கச்சி,
தண்ணி நம்மளுது இல்ல" என்பார்.

எனக்கு ஏழு பெயர்.
காலையில் கோமதி மாமி:
வத்தக்குழம்பில் எல்லோரும் செய்யும் ஐந்து தவறுகள்.
பதினொரு மணிக்கு ரைடர் ரகு.
சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத நான்
லடாக் ஏற்றத்தில் கியர் மாற்றினேன்.
மதியச் சோற்றுக்குப் பின் கண் சொக்கும்,
அப்போது பார்த்து டாக்டர் சுபத்ரா வருவாள்,
தூக்கம் வராதவர்களுக்கு ஆலோசனை சொல்ல.
கட்டுரை முடிவில் "நலம் சேரட்டும்" என்று போடுவாள்.
அது மட்டும் நான் நிஜமாகவே எழுதியது.
சம்பளத் தாளில் இருந்தது ஒருத்திதான்,
ம. அன்னக்கொடி.

சுவரில் விலைப்பட்டியல் ஒட்டியிருந்தது.
காப்பீடு என்று எழுதினால்
பக்கத்தில் வந்து நிற்கும் விளம்பரம்
ஒரு தட்டலுக்கு முப்பது ரூபாய்.
வீட்டுக்கடன் இருபத்தாறு.
வழுக்கை எட்டு.
நெல்லைத் தேடினேன்,
மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்.
ஞானசேகர் சிரித்தான்:
"நெல்லு வெச்சிருக்கறவன் என்னத்த வாங்கப் போறான்?"
அந்த வாரம் எங்கள் மூட்டைகள்
கொள்முதல் நிலைய வாசலில்,
ஈரப்பதம் பத்தொன்பது என்று ஒதுக்கப்பட்டு
தார்ப்பாய்க்குள் வியர்த்துக் கிடந்தன.

பிறகு ஒரு செவ்வாய் இரவு
எங்கேயோ ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.
மேட்டூர் என்றால் எத்தனை அடி என்றாவது
பேப்பரில் போடுவான்.
இதற்கு அணையும் தெரியாது, அதிகாரியும் தெரியாது,
மறியல் செய்ய ஒரு ரோடுகூடக் கிடையாது.
திங்களன்று மூன்று லட்சம் பேர் வந்த இடத்தில்
புதனன்று நாலாயிரம்.
அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
முள்ளியாற்றில் முறை வராத நாளில்
மதகடியில் குந்தியிருப்பவர்களைப் போல.

பங்குனியில் நொய்டாவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.
இளநீர் குடித்தார்கள், மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை நகர்த்தினார்கள்,
நாற்பத்திரண்டையும் ஒரே விலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.
ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில் ஒரு வரி:
புனைபெயர்களும் அவற்றை நம்பும் வாசகர்களும் உட்பட.
எங்களுக்கு ஒன்றரை மாதச் சம்பளக் கவர்.
கூடவே ஆளுக்கு ஒரு கிலோ தம்ரூட்.
நல்ல தம்ரூட், நெய் ஒழுகியது.

இப்போது இ-சேவை மையத்தில் இருக்கிறேன்.
ஐப்பசி முழுக்கப் பயிர்க் காப்பீடு.
பட்டா எண், சர்வே எண், கிராமம், பரப்பு.
ஒரு நாளைக்கு இருநூறு முறை
அதே முப்பது ரூபாய்ச் சொல்லைத் தட்டுகிறேன்.
பக்கத்தில் எதுவும் வந்து நிற்பதில்லை,
அடங்கல் வாங்கி வந்தவர்களைத் தவிர.

நேற்று ராத்திரி அண்ணிக்குத் தூக்கம் வரவில்லை.
போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சம்.
"இந்த டாக்டரம்மா நல்லா எழுதுறாங்கடி" என்று நீட்டினாள்.
சுபத்ரா.
புதுக் கட்டுரை, நேற்றைய தேதி.
வாக்கியங்கள் இஸ்திரி போட்டதுபோல் இருந்தன,
ஒரு பிழையில்லை, யார் எழுதியதோ, எது எழுதியதோ.
கடைசியில் "நலம் சேரட்டும்".

திருப்பிக் கொடுக்கும்போது
அண்ணியின் கட்டைவிரல் தவறுதலாக
ஒரு மெத்தை விளம்பரத்தில் பட்டுவிட்டது.
எட்டோ பத்தோ இருக்கும்.
இருட்டில், சத்தமில்லாமல்,
எங்கள் வீட்டிலிருந்து மேட்டுக்கு ஏறியது.